ஹோசியரின் முதல் ஈ.பி. 'டேக் மீ டு சர்ச்': அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதம் ஒரு சனிக்கிழமை மாலையில் ஏழெட்டுப் பேர் எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில் கூடிப் பாட்டுக் கேட்போம். ஒரு தொகுப்பை எடுத்தால் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை நடுவில் பேசாமல் கேட்பது எங்கள் வழக்கம். அயர்லாந்தின் இண்டி ஃபோக் பாடகர் ஹோசியரின் முதல் ஈ.பி.யை இதுவரை மூன்று முறை போட்டிருக்கிறோம். வந்தவர்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறவில்லை. கேட்டவர்கள் வாய்மொழியிலேயே அந்தக் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

ஈ.பி.ன்னா என்ன? ஆல்பம்னு சொன்னா போதாதா?

தனிப்பாட்டுக்கும் முழு ஆல்பத்துக்கும் நடுவில் இருப்பது ஈ.பி. பெரும்பாலும் நாலு முதல் ஆறு பாட்டு இருக்கும். பெயர் இசைத்தட்டுக் காலத்தில் வந்தது. நிமிடத்துக்கு 45 சுற்றுச் சுற்றும் 7 அங்குலத் தட்டில் பக்கத்துக்கு ஒரு பாட்டுதான் பிடிக்கும். பள்ளங்களை நெருக்கி வெட்டிப் பக்கத்துக்கு இரண்டு பாட்டு ஏற்றியபோது அதற்கு 'நீட்டிய தட்டு' (எக்ஸ்டெண்டட் ப்ளே, சுருக்கமாக ஈ.பி.) என்று பெயர் வந்தது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆரம்பித்தது இது.

நம் ஊரிலும் 60களிலும் 70களிலும் சினிமாப் பாட்டுகள் இப்படிச் சின்னத் தட்டில் நாலு நாலாக வந்தன. தாத்தா வீட்டுப் பரணில் இருந்தால் எடுத்துப் பாருங்கள், உறையில் அந்த இரண்டு எழுத்தும் இருக்கும். இன்றைக்குத் தட்டு இல்லாவிட்டாலும் அளவு அப்படியே நிலைத்துவிட்டது. புதிதாக வரும் பாடகர் 'நான் இப்படிப்பட்டவன்' என்று காட்ட நாலு பாட்டு போதும். அதற்குமேல் போனால் செலவும் கூடும்.

யார் இந்த ஹோசியர்? பேரே புதுசா இருக்கே?

முழுப்பெயர் ஆண்ட்ரூ ஹோசியர்-பைர்ன். குடும்பப் பெயரின் முன்பாதியை மேடைப் பெயராக வைத்துக்கொண்டார். பிறந்தது 1990 மார்ச் 17, டப்ளினுக்குத் தெற்கே விக்லோ மாவட்டத்தில் கடலோர ஊரான பிரே. அப்பா ப்ளூஸ் குழுக்களில் டிரம்ஸ் வாசித்தவர், அம்மா ஓவியர். முதல் ஆல்பத்தின் அட்டைப்படம் அம்மா வரைந்ததுதான்.

டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இசை படிக்கச் சேர்ந்தார். ஒரு பெரிய நிறுவனத்துக்காக மாதிரிப் பாடல்கள் பதிவு செய்யப் போய், முதல் ஆண்டிலேயே படிப்பை விட்டார். சில ஆண்டுகள் 'அனூனா' என்ற அயர்லாந்துச் சேர்ந்திசைக் குழுவில் பாடினார். பழைய ஐரிஷ் பாடல்களையும் இடைக்காலத் தேவாலய இசையையும் பல குரலில் பாடும் குழு அது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஃபோக்னா நாட்டுப்புறப் பாட்டுதானே? இதுல தெம்மாங்கும் இல்ல, கிராமமும் இல்லையே?

சொல் ஒன்றுதான், பொருள் நகர்ந்துவிட்டது. எழுதியவர் யாரென்று தெரியாமல் வாய்வழியாக வந்த பாட்டுதான் ஆதியில் ஃபோக். 1960களில் அதே கிட்டாரையும் கதை சொல்லும் பாணியையும் எடுத்துக்கொண்டு சொந்தமாக எழுதிப் பாடியவர்களும் அந்தப் பெயருக்குள் வந்தார்கள். இண்டி என்றால் பெரிய நிறுவனங்களைச் சாராதது. இன்று இண்டி ஃபோக் என்றால் தானே எழுதித் தானே பாடுகிற, கம்பிக் கருவியைச் சுற்றிக் கட்டிய, சொல்லுக்கு முதலிடம் தருகிற இசை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஹோசியரிடம் அதோடு அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸும் அவர்களின் தேவாலயப் பாட்டான காஸ்பலும் பாதிக்குப் பாதி கலந்திருக்கிறது. அதனால் சில கடைகளில் ராக் அடுக்கிலும் சிலவற்றில் சோல் அடுக்கிலும் இவர் இருப்பார். என் காதுக்கு இந்த நாலு பாட்டில் இரண்டாவதும் நாலாவதும் சுத்தமான ஃபோக். முதலும் மூன்றாவதும் காஸ்பல் பக்கம் சாய்ந்தவை.

உலகம் முழுக்கத் தெரிஞ்ச பாட்டை 'இண்டி'ன்னு எப்படிச் சொல்றீங்க?

வெளிவந்த நாளை வைத்துச் சொல்கிறேன். 2013 செப்டம்பர் 13 அன்று இதை வெளியிட்டது ரூபிவொர்க்ஸ் என்ற டப்ளின் நிறுவனம். சின்னது, சுயேச்சையானது. ரொட்ரிகோ-கப்ரியேலா என்ற மெக்சிகோ கிட்டார் இணையையும் வெளியிட்டவர்கள் அவர்கள். அமெரிக்காவில் கொலம்பியா போன்ற பெரிய நிறுவனம் கைகொடுத்தது பாட்டு பரவிய பிறகுதான்.

நாலு பாட்டும் என்னென்ன? எந்த வரிசைல கேக்கணும்?

தட்டில் உள்ள வரிசை இது: 'டேக் மீ டு சர்ச்', 'லைக் ரியல் பீப்புள் டூ', 'ஏஞ்சல் ஆஃப் ஸ்மால் டெத் அண்ட் த கோடீன் சீன்', 'செர்ரி ஒயின்'. மொத்தம் சுமார் 15 நிமிடம்.

தயவுசெய்து இதே வரிசையில் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் முதல் பாட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். இந்தக் கேள்வி-பதிலை எழுத உட்கார்ந்ததே அதனால்தான். தொகுப்பு ஒரு கோவில் மண்டபம் அளவு சத்தத்தில் தொடங்கி, ஒரு குரலும் ஒரு கிட்டாருமாக வந்து முடிகிறது. முதல் பாட்டில் 'என்னைப் பாவி என்கிறார்களே' என்று அதிகாரத்தைப் பார்த்துச் சீறுகிறவன், கடைசிப் பாட்டில் தன் வீட்டுக்குள் அடிவாங்கிக்கொண்டு அதை அன்பு என்று நம்புகிறான். முதல் பாட்டை மட்டும் கேட்டவருக்கு வீரன் மட்டும்தான் தெரிவான்.

மச்சுல உக்காந்து பதிவு பண்ணினதுன்னு சொல்றாங்களே, நிஜமா?

முதல் பாட்டைப் பொறுத்தவரை நிஜம். பெற்றோர் வீட்டின் கூரைக்கடியில் இருந்த அறையில், தானே ஒலிவாங்கி வைத்து மாதிரிக்காகப் பாடிப் பதிந்தார். பிறகு ராப் கெர்வன் என்ற தயாரிப்பாளரிடம் அது போனது. பி.ஜே. ஹார்வி போன்றவர்களோடு வேலை செய்தவர் அவர். இசைக்கருவிகளைப் புதிதாகச் சேர்த்தாலும், அந்தக் கூரையறைக் குரலில் பெரும்பகுதியை அவர் மாற்றவில்லை.

ஹெட்ஃபோனில் முதல் 30 நொடியைக் கேட்டால் காரணம் புரியும். பியானோ தள்ளி நிற்கிறது, குரல் மட்டும் காதோரம் வந்து பேசுகிறது. இரவு வீட்டில் மற்றவர்கள் தூங்கும்போது சத்தத்தை அடக்கிப் பாடுவோமே, அந்த அடக்கம் அதில் கேட்கும். ஸ்டுடியோவில் கண்ணாடிக்குப் பின்னால் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்க அதை மறுபடி கொண்டுவருவது கஷ்டம்.

'டேக் மீ டு சர்ச்' பக்திப் பாட்டா? எங்க தெருவுல கிறிஸ்துமஸுக்கு ஒலிபெருக்கில போட்டாங்க!

பக்திப் பாட்டில்லை. தலைப்பும் நடுவில் வரும் 'ஆமென்'களும் அடுக்கிய குரல்களும் அப்படி நினைக்க வைக்கும். பாடுகிறவன் போகச் சொல்லும் தேவாலயம் அவன் காதலி. அவளோடு இருப்பதுதான் அவனுக்கு வழிபாடு. உடலின் ஆசையையே பாவம் என்று கற்பிக்கும் அமைப்பை, அதே அமைப்பின் சொற்களால் அவன் எதிர்க்கிறான்: பாவமன்னிப்பு, பலி, திருத்தலம் எல்லாம் வருகின்றன, எல்லாம் இடம் மாறி வருகின்றன.

'நோயாளியாகவே பிறந்தேன், குணமாகு என்று கட்டளையிடுகிறார்கள்' என்ற பொருளில் ஓரிடம் உண்டு. அந்த எண்ணம் பழையது. 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து ஆங்கிலக் கவிஞர் ஃபுல்க் கிரெவில் தன் நாடகம் ஒன்றில் குருமார்கள் சேர்ந்து பாடும் பாட்டில் கிட்டத்தட்ட இதையே வைத்திருக்கிறார். படைத்தவனே நோயோடு படைத்துவிட்டு நலமாயிரு என்று ஆணையிட்டால் மனிதன் என்ன செய்வான் என்ற கேள்வி அது.

அயர்லாந்துல சபை மேல ஏன் அவ்வளவு கோபம்? இங்க இருந்து பார்த்தா புரியலையே?

அங்கே கத்தோலிக்கத் திருச்சபை கோவிலோடு நிற்கவில்லை. பள்ளி, மருத்துவமனை, அநாதை இல்லம், சட்டம் வரை அதன் கை நீண்டிருந்தது. மணமாகாமல் கருவுற்றவர்கள், வீட்டுக்கு அடங்காதவர்கள் என்று முத்திரை குத்திய பெண்களைக் கன்னியர் மடங்கள் நடத்திய சலவைக்கூடங்களில் அடைத்துக் கூலியில்லாமல் துணி துவைக்க வைத்தார்கள். மக்தலேன் சலவைக்கூடங்கள் என்று பெயர். கடைசிக் கூடம் மூடப்பட்டது 1996இல். ஆண்கள் இருவர் உறவு கொள்வது குற்றம் என்ற சட்டம் நீங்கியது 1993இல். மணமுறிவுக்கு மக்கள் ஒப்புதல் கொடுத்தது 1995இல்.

ஹோசியர் பிறந்தது 1990. அதாவது இதெல்லாம் அவருக்குப் பாட்டன் காலத்துக் கதையில்லை. திருச்சபை நடத்திய குழந்தைகள் இல்லங்களில் நடந்த கொடுமைகளைப் பற்றிய பெரிய விசாரணை அறிக்கை 2009இல் வந்தது. 2013 பிப்ரவரியில் பிரதமர் எண்டா கென்னி சலவைக்கூடப் பெண்களிடம் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் இந்தப் பாட்டு வந்தது. கேட்டவர்களுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

'நாய் மாதிரி வழிபடுவேன்'னு பாடுறாரே, கேக்கவே ஒரு மாதிரி இல்ல?

நமக்கு அது புதிதா? 'நாயேன்', 'நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்கு' என்று மாணிக்கவாசகர் தன்னைச் சொல்லிக்கொள்வதை மார்கழியில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஒருவரின் காலடியில் தன்னை முழுக்கத் தாழ்த்துகிறவன் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

வித்தியாசம் ஒன்று உண்டு. அங்கே எதிரில் நிற்பவன் தாயினும் சிறந்தவன். இங்கே பாடுகிறவன் பொய்களின் சந்நிதியில் நிற்பதாகத் தானே சொல்கிறான். தெரிந்தே மண்டியிடுகிறான். அந்தத் தெரிந்தே மண்டியிடுவதுதான் நாலாவது பாட்டில் பயங்கரமான வடிவம் எடுத்துத் திரும்பி வருகிறது.

நான் ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவ. இதை நான் கேக்கலாமா?

கேட்கலாம் என்பது என் எண்ணம். இது நம்பிக்கையைத் தாக்கும் பாட்டு இல்லை என்று ஹோசியரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மனிதரின் இயல்பை அவமானமாக்கும் நிறுவனங்களைப் பற்றியது என்பது அவர் விளக்கம். அவர் வளர்ந்தது பாதிரியாரோ பலிபீடமோ இல்லாமல் மௌனமாகக் கூடி உட்காரும் க்வேக்கர் மரபில்.

எங்கள் மாடிக்கு வரும் தோழி ஒருத்தி தேவாலயப் பாடகர் குழுவில் ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்) பாடுகிறவள். முதல் முறை கேட்டபோது பாதியில் எழுந்து வெளியே போய் நின்றாள். அடுத்த மாதம் அவளே மறுபடி போடச் சொன்னாள். சொற்கள் இன்னும் தன்னை உறுத்துகின்றன, ஆனால் அந்த ஆமென்னை அடுக்கியிருக்கும் விதம் சேர்ந்திசை தெரிந்த ஒருவரால்தான் முடியும் என்றாள். அனூனாவைப் பற்றி அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன். உறுத்தல் போகவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உறுத்துகிறது என்றால் சொற்களைக் கவனித்துக் கேட்கிறாள் என்றுதானே அர்த்தம்.

வீடியோவுல ரெண்டு ஆண்கள் காதலிக்கிறாங்க. அப்போ பாட்டு அவங்களைப் பத்தியா? பாடகரும் அப்படியா?

பாட்டின் வரிகளில் வருவது 'அவள்'. வீடியோ வேறு கதையை எடுத்துக்கொண்டது. 2013 ஜூனில் ரஷ்யா, ஒருபாலின உறவைப் பற்றிச் சிறுவர்கள் அறியும்படி பேசுவதையே குற்றமாக்கி ஒரு சட்டம் கொண்டுவந்தது. அங்கே கும்பல்கள் இளைஞர்களைப் பிடித்து அடித்து அதைப் படமெடுத்து இணையத்தில் போட்டுக்கொண்டிருந்த நேரம். அயர்லாந்தின் கார்க் நகரில், 'ஃபீல் குட் லாஸ்ட்' என்ற சின்னக் குழுவின் பிரெண்டன் கேன்ட்டியும் கோனல் தாம்சனும் அதை வைத்துக் கறுப்பு வெள்ளையில் இந்த வீடியோவை எடுத்தார்கள். செலவு மிகக் குறைவு. சில நாளில் உலகம் முழுக்கப் போய்விட்டது.

வீடியோவை வைத்துப் பாடகரின் சொந்த வாழ்க்கையைக் கணிக்கவேண்டாம். உடலின் ஆசையைக் குற்றமாக்குவது யாரை நோக்கி வந்தாலும் அது ஒரே கொடுமை என்பதால் அந்தக் கதை அந்தப் பாட்டில் பொருந்துகிறது. 2015 மே 22 அன்று அயர்லாந்து மக்கள் வாக்கெடுப்பில் 62 சதவீதம் பேர் ஒருபாலினத் திருமணத்துக்கு ஆம் என்றார்கள். பாட்டால் வந்த மாற்றம் என்று சொல்லமாட்டேன். அந்த இரண்டு ஆண்டுகளில் அந்த நாட்டில் ஓடிக்கொண்டிருந்த பேச்சில் இந்தப் பாட்டும் இருந்தது.

அந்த வீடியோவைப் பிள்ளைங்களோட பாக்கலாமா?

சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம். முகமூடிக் கும்பல் ஒருவனை வீட்டிலிருந்து இழுத்துப்போய் அடிக்கும் காட்சி நேராக இருக்கிறது. வளர்ந்த பிள்ளைகள் என்றால் முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிட்டு, பிறகு பேச நேரம் வைத்துக்கொண்டு பாருங்கள்.

ரெண்டாவது பாட்டுல ஆளை மண்ணுலேருந்து தோண்டி எடுக்கற மாதிரி வருதே, எனக்கு மட்டும்தான் அப்படித் தோணுதா?

உங்களுக்குச் சரியாகத்தான் கேட்டிருக்கிறது. இந்தப் பாட்டு எனக்கு உயிர், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். அயர்லாந்திலும் டென்மார்க்கிலும் பெரிய சதுப்பு நிலங்கள் உண்டு. பாசி மக்கிக் கறுத்த மண். செங்கல் செங்கல்லாக வெட்டிக் காயவைத்து அடுப்பெரிப்பார்கள். அப்படி வெட்டும்போது சில சமயம் மனித உடல்கள் கிடைக்கும், 2000 ஆண்டுக்கு முந்தையவை. அந்த நீரில் அமிலம் அதிகம், குளிர் அதிகம், காற்று இல்லை. தோல் பதனிட்ட தோலாகி அப்படியே நிற்கும். 1950இல் டென்மார்க்கின் டோலுண்ட் அருகே கிடைத்தவரின் தாடையில் மயிர்க்கால்கள்கூட இருந்தன. கழுத்தில் பின்னிய கயிறு. அண்மையில் நடந்த கொலை என்று நினைத்துப் போலீஸைக் கூப்பிட்டார்கள்.

அயர்லாந்தின் கவிஞர் ஷேமஸ் ஹீனி, 1995இல் நோபல் பெற்றவர், 70களில் இந்த உடல்களைப் பற்றிச் சில கவிதைகள் எழுதினார். பலியாகக் கொல்லப்பட்ட அந்தப் பழைய மனிதர்களை, வடக்கு அயர்லாந்தில் அப்போது தினமும் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தவர்களோடு வைத்துப் பார்த்தார். 'லைக் ரியல் பீப்புள் டூ' அந்தக் கவிதைகளிலிருந்து பிறந்தது என்பதை ஹோசியர் சொல்லியிருக்கிறார். பாட்டில் பேசுபவன் புதைந்து கிடந்தவன். தோண்டி எடுத்தது அவள். நீ நள்ளிரவில் எதைப் புதைக்க வந்து என்னைக் கண்டெடுத்தாய் என்று கேட்க நினைக்கிறான், கேட்காமல் விடுகிறான். நீ என்னைக் கேட்காதே, நான் உன்னைக் கேட்கவில்லை, உயிருள்ள மனிதர்களைப் போல முத்தமிட்டுக்கொள்வோம் என்கிறான். இரண்டு பேருக்குமே மண்ணுக்கடியில் ஏதோ இருக்கிறது.

ஹீனி இறந்தது 2013 ஆகஸ்ட் 30. சரியாக 14 நாள் கழித்து இந்த ஈ.பி. வந்தது. அன்று அந்தப் பாட்டைக் கேட்ட ஒரு ஐரிஷ்காரருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன்.

மூணாவது பாட்டோட தலைப்பே வாயில நுழையல. அர்த்தம் என்ன?

'சிறு மரணம்' என்பது பிரெஞ்சுக்காரர்கள் உடலுறவின் உச்சத்துக்குச் சொல்லும் இடக்கரடக்கல். கோடீன் என்பது அபினிலிருந்து வரும் வலி நிவாரணி. சில இருமல் மருந்துகளிலும் இருக்கும், பழகினால் விடாது. ஆக, இன்பத்தையும் மயக்கத்தையும் ஒன்றாகத் தரும் ஒரு தேவதையைப் பற்றிய பாட்டு. அவள் மென்மையானவள் இல்லை, வலிக்க வைப்பவள். கைதட்டலும் டிரம்ஸும் கூட்டுக்குரலுமாகத் துள்ளுவதால் யாரும் சொற்களைக் கவனிப்பதில்லை. நான்கில் இது எனக்குக் குறைவாகப் பிடிக்கும். ஆனால் இது இல்லாவிட்டால் அடுத்த பாட்டின் அமைதி அவ்வளவு ஆழமாக இறங்காது.

நாலாவது பாட்டுல குருவிச் சத்தம் கேக்குது. பதிவு சரியில்லையா?

வேண்டுமென்றே விட்டது. விக்லோ பக்கம் கைவிடப்பட்ட ஒரு ஹோட்டலுக்குப் போய், விடியும் நேரத்தில் கிட்டாரும் குரலுமாக ஒரே மூச்சில் பதிந்தது 'செர்ரி ஒயின்'. உறையில் 'நேரலை' என்று போட்டிருப்பதற்கும் அதுதான் காரணம், மேடைக் கச்சேரி இல்லை. அந்த நேரத்துப் பறவைகள் தாமாகப் பாட்டுக்குள் வந்துவிட்டன.

நான் முதன்முதலில் இதைக் கேட்டது ஒரு ஏப்ரல் மாத விடியற்காலை, ஜன்னல் திறந்திருந்தது. வெளியே முருங்கை மரத்தில் மைனாக்கள். எந்தச் சத்தம் பாட்டில் இருக்கிறது, எது என் ஜன்னலில் இருக்கிறது என்று பிரிக்க முடியாமல் ஒரு காதிலிருந்து ஹெட்ஃபோனை எடுத்தேன். இரண்டு பக்கமும் பறவைகள். அதற்குள் அவன் என்ன பாடுகிறான் என்பது புரிய ஆரம்பித்திருந்தது.

'செர்ரி ஒயின்' அழகான காதல் பாட்டுதானே? தங்கச்சி கல்யாண வரவேற்புல பாடலாம்னு இருக்கேன்.

வேண்டாம். மெட்டு தாலாட்டு மாதிரி இருப்பதால் எல்லோரும் ஏமாறுகிறோம். பாடுகிறவன் துணைவியிடம் அடிபடுகிறவன். திறந்த கையா மூடிய முஷ்டியா என்றுகூட அவனுக்குக் கவலையில்லை, அதுவே அவள் தன்னை உரிமையோடு நடத்தும் விதம் என்கிறான். இனிப்பாக இருக்கிறது என்று அவன் சொல்லும் செர்ரி ஒயின் அவன் ரத்தம்.

அடிப்பவர் மேல் பழி வரக்கூடாது என்று அடிபட்டவர் கட்டும் சமாதானங்களை நம் வீடுகளிலும் கேட்டிருப்போம். 'கோபத்துல கை ஓங்கிட்டாரு, மத்தபடி தங்கமான மனுசன்' என்பார்கள். ஹோசியர் வெளியில் நின்று கண்டிக்காமல் அந்தச் சமாதானத்தின் உள்ளேயே உட்கார்ந்து பாடுகிறார். அதனால்தான் மெட்டு இவ்வளவு இனிமையாக இருக்கவேண்டியிருக்கிறது. அவனுக்கு அது உண்மையிலேயே காதல் பாட்டு.

ஆனா வீடியோவுல அடி வாங்கறது பொண்ணுல்ல?

ஆமாம். 2016 பிப்ரவரி 14 அன்று, காதலர் தினத்தில், இந்தப் பாட்டைத் தனியாக வெளியிட்டு, வரும் பணத்தை வீட்டு வன்முறைக்கு எதிராக வேலை செய்யும் அமைப்புகளுக்குக் கொடுத்தார்கள். அதற்காக எடுத்த வீடியோவை இயக்கியது டர்வ்லா வால்ஷ் என்ற ஐரிஷ் இயக்குநர், நடித்தது சிர்ஷா ரோனன். கண்ணாடி முன்னால் அலங்காரத்தை மெல்லக் கலைக்கக் கலைக்கக் காயம் தெரியும்.

முதல் பாட்டின் வீடியோ பற்றி மேலே சொன்னது இதற்கும் பொருந்தும். வரியில் இருக்கும் ஆணையும் பெண்ணையும் மாற்றினாலும் பாட்டு நிற்கிறது. ஒரு ஆண் அடிவாங்குவதைப் பாடிய பாட்டு என்பதை மட்டும் மறந்துவிடக்கூடாது. அதைப் பற்றிப் பாட வருகிறவர்கள் குறைவு.

நாலு பாட்டும் ஆல்பத்துலயே இருக்கே. ஈ.பி.யைத் தனியா ஏன் தேடணும்?

2014 செப்டம்பரில் வந்த முதல் ஆல்பத்தில் 13 பாட்டு. இந்த நான்கும் அதில் இருக்கின்றன, ஆனால் கலைந்து: 1, 10, 2, 13 என்ற இடங்களில். ஈ.பி.யின் முதல் பாட்டுதான் ஆல்பத்துக்கும் முதல், ஈ.பி.யின் கடைசிதான் ஆல்பத்துக்கும் கடைசி என்பதைக் கவனியுங்கள். கதவும் பின்கதவும் முன்பே கட்டியாகிவிட்டது, நடுவில் அறைகளை எழுப்பினார்கள். அந்த இரண்டு கதவுக்கும் நடுவே உள்ள தூரத்தை 15 நிமிடத்தில் நடந்து முடிப்பதற்குத்தான் ஈ.பி. பாட்டுச் செயலியில் தனியாகக் கிடைக்காவிட்டால் நான்கையும் நீங்களே வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள், ஷஃபிளை அணைத்துவிட்டு.

இவ்வளவு பெரிய ஹிட்டுக்கு கிராமி கிடைக்கலையா?

2015இல் ஆண்டின் சிறந்த பாடல் பிரிவில் பரிந்துரை வந்தது, விருது சாம் ஸ்மித்துக்குப் போனது. அந்த மேடையில் ஆனி லென்னாக்ஸோடு சேர்ந்து ஹோசியர் இதைப் பாடினார். அமெரிக்கத் தரவரிசையில் இரண்டாம் இடம் வரை ஏறியது.

கிட்டார் கத்துக்கிட்டு இருக்கேன். நாலுல எதை முதல்ல எடுக்கலாம்?

முதல் பாட்டு ஈ மைனரில் இருக்கிறது, பிடிகள் கஷ்டமில்லை. ஆனால் நாலு அடியாகப் போய்க்கொண்டிருக்கும் கணக்கில் சில இடங்களில் அடிகள் கூடுகின்றன. பாடிக்கொண்டே வாசித்தால் சறுக்கும். வரியை முதலில் கைத்தாளம் போட்டுப் பேசிப் பழகுங்கள். 'லைக் ரியல் பீப்புள் டூ'வை மெதுவாக விரலால் மீட்டி ஆரம்பிக்கலாம், தவறு செய்தாலும் அது பொறுத்துக்கொள்ளும்.

'செர்ரி ஒயின்' கடைசியில். கட்டைவிரல் அடித்தந்தியில் விடாமல் நடக்கவேண்டும், மற்ற விரல்கள் மேலே தனியாக ஒரு மெட்டை வாசிக்கவேண்டும், அதற்குமேல் குரல் அவசரப்படாமல் வரவேண்டும். எனக்கு எட்டு மாதம் ஆனது. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை 50இல் வைத்து, பாடாமல், கட்டைவிரலை மட்டும் ஒரு வாரம் பழகுங்கள்.